விமர்சகரை வெளியேற்றும் பொத்தான்

1

இந்தக் கதை ஒரு பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலிக்காரர் வீங்கிய கன்னத்தோடு சொன்னார், பாதிதான் புரிந்தது. மீதி என் சரக்கு. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், எனக்கே குழம்பிவிட்டது.

2

'மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் சினிமா விமர்சகர்...'

வேண்டாம். மழையை வைத்து ஆரம்பித்தால் அவரே அரை நட்சத்திரம் குறைப்பார்.

நேரே வருகிறேன். ஒரு படம் வந்தது. அதில் ஒரு டிவி நிகழ்ச்சி: வேண்டாத ஆளைக் குடும்பமே பொத்தானை அழுத்தி வெளியேற்றும். போனவர் வீடு திரும்பக் கூடாது. 'நம் கன்னத்தில் அறைந்த படம்' என்று பத்திரிகைகள் கொண்டாடின. (அறை வாங்கிய கன்னம் எதையும் நான் பார்க்கவில்லை.) நம் விமர்சகர் மட்டும், 'எந்தக் குடும்பமும் இதைச் செய்யாது. நம்பும்படி இல்லை' என்று எழுதினார்.

3

படம் ஓடிய ஓட்டத்தில் ஒரு சேனல் அந்த நிகழ்ச்சியையே தொடங்கிவிட்டது. [நம்பும்படி இல்லை என்பீர்கள். அவரும் அதைத்தான் சொன்னார்.] முதல் ஆளாக அவரையே கூப்பிட்டார்கள். தான் எழுதியதை நிரூபிக்க அவரும் கிளம்பினார்.

"வேண்டாங்க," என்றாள் மனைவி. "என் கையில அதக் குடுக்காதீங்க."

"ஏன், அழுத்திடுவியா?"

"தெரியலையே. அதான் பயமா இருக்கு."

"நல்ல வசனம். கொஞ்சம் நாடகத்தனம்."

"பாத்தியாடி, இதுக்கும் மார்க் போட்டாச்சு," என்று மகளிடம் திரும்பினாள்.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் புருஷன விட்டுட்டு வாசல்ல வந்து நின்னப்பவே 'எதிர்பார்த்த முடிவுதான்'னு சொன்னவராச்சே."

4

அரங்கம். (இங்கே மனைவியின் அண்ணனும் இருந்தார். வாயாடி. கதையிலிருந்து அடித்துவிட்டேன்.) விமர்சகர் நாற்காலியில். எதிரே மேசையில் பொத்தான். அதன்மேல் மகளின் கை, அதற்கு மேல் அம்மாவின் கை. அழுத்தவா தடுக்கவா என்று எனக்கும் தெரியவில்லை. அவர் நெற்றியில் பூசிய பவுடர் வேர்வையோடு வழிந்தது.

"ஏதாவது சொல்லுங்க," என்றாள் மனைவி. "நாங்க எப்படி இருக்கோம்னு மார்க் போட வேண்டாம். வீட்டுக்கு வரணும்னு சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். "வந்து..."

5

முதல் முடிவில் அவர் அதைச் சொல்கிறார், கைகள் விலகுகின்றன. எழுதிக் கிழித்துப் போட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டாவதில், "காட்சி பிரமாதம்" என்கிறார். பொத்தான் அழுந்துகிறது. இது கச்சிதமாக வந்துவிட்டது. கச்சிதமாக இருக்கிறது என்பதற்காக ஒரு மனிதனை நடுத்தெருவில் நிறுத்திவிடலாமா என்று யோசித்து, அதையும்...

கிழிக்கவில்லை. மனசு வரவில்லை.

அவர் இன்னும் "வந்து..." என்றுதான் இழுத்துக்கொண்டிருக்கிறார். நான் என் கையை எடுத்துவிட்டேன். அந்த இரண்டு கைகளுக்கு மேலே இப்போது இருப்பது உங்களுடையது.