நாற்பது கால் ஐ.சி.

சகாயநாதனுக்குக் கடவுள் நம்பிக்கை கொஞ்சம், 6502 நம்பிக்கை ஏராளம். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் செய்யக் கிளம்பியிருந்த ஒரு சின்ன கம்பெனியில், 6502 என்ற அந்த ஐ.சி. சில்லை மூளையாக வைத்து அவன் ஒரு போர்டு செய்தான். இசட்-80 என்ற வேறு ஐ.சி.யை வைத்து இன்னொரு போர்டு கங்கப்பன் செய்தான். எண்பத்தாறாம் வருடம் அது. சென்னையிலிருந்து வாங்க வருகிறவர்கள் இரண்டையும் ஓட்டிப் பார்த்து ஒன்றை எடுப்பார்கள். தோற்ற போர்டோடு அதைச் செய்தவனும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஒரு வருடமாக இருவரும் எலியும் பூனையும். "உன்னுது ஒரு மெகா ஹெர்ட்ஸ், என்னுது நாலு. மாட்டு வண்டியும் லாரியும் ரேஸ் உடலாமா?" என்பான் கங்கப்பன். "உன் லாரி ஒரு அடி வெக்கறதுக்குள்ள நாலு தடவ மூச்சு வாங்குது, அதையும் சொல்லு" என்பான் சகாயநாதன். பேச்சில் அவன்தான் ஜெயித்தான். ஆனால் சென்னைக்காரர்கள் வரவேண்டிய அன்று காலை ஒத்திகையில், ஆயிரம் பெயர்களை அகர வரிசையில் அடுக்கியபோது கங்கப்பனின் போர்டு மூன்று விநாடி முந்திக்கொண்டது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பெங்களூர்க்காரர்கள் பார்த்துக் காப்பியடித்துவிடுவார்கள் என்று பயந்து, ஐ.சி.யின் முதுகிலிருக்கும் எழுத்தை உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிடுவார்கள். தேய்க்கிறவள் தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் சாந்தம்மா. ஐ.சி. கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்ததால், சாப்பாட்டு நேரத்தில் போர்டுகளிலிருந்து அவற்றைக் கழற்றித் தனித்தனித் தட்டில் வைத்துப் பூட்டுவதும், பிறகு எடுத்து மாட்டுவதும் அவள்தான். இரண்டுக்கும் நாற்பது கால். எழுத்துப் போய்விட்டால் எது எதுவென்று செய்தவனுக்கே தெரியாது. ஆனால் கரண்ட் ஏறும் கால் வேறு வேறு. மாற்றி மாட்டினால் தீர்ந்தது கதை.

அன்று சாப்பாட்டு நேரத்தில், தட்டுகளைப் பூட்டுவதற்கு முன்னால் அவள் கை கழுவப் போனாள். உபரியாக இருந்த ஒரு 6502-ஐச் சகாயநாதன் தானே தேய்த்துத் தயாராக வைத்திருந்தான். கங்கப்பனின் தட்டில் அதை வைத்தான். அங்கிருந்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேன்டீனுக்குப் போனான். இரண்டாம் தடவை சாம்பார் வேறு கேட்டு வாங்கித் தின்றான், படுபாவி.

மதியம் சென்னைக்காரர்கள் வந்து நிற்க, சாந்தம்மா அவசர அவசரமாக ஐ.சி.யை மாட்டினாள். கங்கப்பன் சுவிட்சைப் போட்டான். திரையில் ஒன்றும் வரவில்லை. கருகிய வாடைதான் வந்தது. பக்கத்தில் சகாயநாதனின் போர்டு சமர்த்தாக ஓடியது. வந்தவர்கள் அதையே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்கள்.

"தலகீழா மாட்டித் தொலச்சிட்டியே, எரும!" என்று எல்லோர் முன்னாலும் கங்கப்பன் அவள்மேல் பாய்ந்தான். அவள் குனிந்து போர்டிலிருந்து அந்த ஐ.சி.யைக் கழற்றினாள். கொஞ்ச நேரம் கழித்துச் சகாயநாதனைத் தேடி ஸ்டோர் ரூமுக்கு வந்து, மூடிய கையை விரித்தாள். கருகின ஐ.சி. இருந்தது.

"சார், இங்க நீங்க ஒருத்தர்தான் என்னை மனுசியா மதிச்சுப் பேசறவரு. இதப் பாருங்க. நானு எப்பவும் வட்டமாத்தான் தேய்ப்பேன். இது நேரா தேச்சிருக்குது. யாரோ மாத்திட்டாங்க சார். என் ஒருத்தி சம்பளத்துலதான் வீட்ல அடுப்பு எரியுது. நீங்க சொன்னா மொதலாளி நம்புவாரு."

சகாயநாதனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவள்மேல் இருந்த பரிதாபத்தைவிடத் தன்னைப் பற்றிய பயம் பெரிது.

"குடு, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அவள் வெளியே கைகட்டி நின்றாள்.

"சார், இத ஒளிச்சு வெக்கச் சொல்லி சாந்தம்மா எங்கிட்ட குடுத்துச்சு. நல்ல ஐ.சி.ய வெளிய வித்துட்டு, எதையோ பழச மாட்டியிருக்குது போல."

முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டார். "எத்தன நாளாடி திருடற?"

அவள் திகைத்துப் போனாள். பிறகு தைரியம் வந்தவளாகச் சகாயநாதன் பக்கம் கையைக் காட்டினாள். "நானா சார்? அய்யோ, இவரையே கேளுங்க. இவருக்கு எல்லாம் தெரியும்."

"இவருதாம்மா சொன்னாரு" என்றார் முதலாளி.