அழகுக்கான சிகிச்சை

"அழகுக்காகப் பண்றதுன்னு போட்டுத் திருப்பி அனுப்பிட்டாக" என்று அருள்செல்வி சொன்னபோது ஆஸ்பத்திரி ஹாலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்க வேண்டுமென்றுதான் அவள் குரலை உயர்த்தியிருந்தாள்.

தேனியில் அந்தத் தோல் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் வேலை அவளுடையது. மருவோ கட்டியோ, எந்த இடம், என்ன அளவு, ஏன் எடுக்கிறோம் என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல டைப் செய்து கம்பெனிக்கு அனுப்புவாள். அந்த 'ஏன்'தான் எல்லாம். தொந்தரவு கொடுக்கிற கட்டி என்றால் ஒப்புக்கொள்வார்கள். பார்க்க நன்றாயில்லை என்று எடுத்தால் கையை விரித்துவிடுவார்கள். போன வாரம் பாக்கியம் என்ற கிழவியின் கழுத்துக் கட்டிக்கு டாக்டரம்மா சொன்னதில், செயின் உரசி ரத்தம் கசிகிறது என்ற வரியை மட்டும் அருள்செல்வி விட்டுவிட்டாள். மறந்துபோய் அல்ல.

"அழகுக்கா? எனக்கா?" எதிரே நின்ற பாக்கியம் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டாள். யாரோ சிரித்தார்கள்.

இதே பாக்கியம்தான் பல வருஷத்துக்கு முன்னால் கோம்பையிலிருந்து மகனுக்குப் பெண் பார்க்க ஆண்டிபட்டிக்கு, அருள்செல்வியின் வீட்டுக்கு வந்தவள். அருள்செல்வியின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, கன்னத்து மச்சத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "போட்டோவுல இத மறச்சுட்டீகளே" என்றாள். காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு அப்பா சாகும்வரை, ஊர் முகத்தில் விழிக்கக் கூசி, கோயிலில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தார்.

"திரும்ப அனுப்பணும்னா போட்டோ வேணும். முந்தானைய எடுங்க. வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க."

"இங்கனயா? எல்லாரும் இருக்காகளே ஆத்தா."

"இங்கனதான் வெளிச்சம். என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க. சத்தமா."

பாக்கியம் கழுத்தைச் சாய்த்தாள். "ராத்திரியில தலகாணியெல்லாம் ரத்தமாகுது. மருமக தனித் தட்டு வச்சுட்டா" என்றாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அருள்செல்வி அவசரப்படாமல் ஸ்கேலைக் கட்டியோரம் வைத்துப் படமெடுத்தாள். நெஞ்சுக்குள் இதமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது.

"என்னையத் தெரியுதா?"

"தெரியலயே ஆத்தா."

"ஆண்டிபட்டி. உங்க மகனுக்குப் பொண்ணு பாக்க வந்தீக."

பாக்கியம் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். வெட்கமோ பயமோ அந்தக் கண்களில் இல்லை. தேடிக் களைத்த பார்வைதான் இருந்தது. "ஊர் ஊரா எத்தனையோ வீடு ஏறி இறங்குனோம். எந்த வீடு ஆத்தா?"

அருள்செல்வி திரும்பி மேஜைக்குப் போனாள். இத்தனை வருஷமாக இந்தக் கிழவியிடம் அவள் மனதுக்குள் பேசிய பேச்சையெல்லாம் கேட்க அந்தப் பக்கம் ஆளே இருந்ததில்லை. விட்ட வரியைச் சேர்த்தாள். படத்தோடு அனுப்பினாள். இரக்கப்பட்டு அல்ல, அந்தப் பெயர் தன் மேஜையை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

மறுநாள் அனுமதி வந்தது. கட்டியை எடுத்ததும் டாக்டரம்மா சிறு பாட்டிலை அவளிடம் கொடுத்தாள். "செல்வி, பேர் எழுதி மதுரை லேபுக்குக் குடுத்துவிடு. எனக்கு அது நல்லதாப் படல."

'பாக்கியம், கழுத்து, வலது பக்கம்' என்று எழுதி ஒட்டினாள். நல்ல சேதி வர வேண்டுமென்று வேண்ட மனம் வரவில்லை. கெட்ட சேதி வரட்டும் என்று நினைக்கவும் நாக்கு கசந்தது. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். மிளகளவு சதை, மருந்துத் தண்ணீருக்குள் மெல்லச் சுழன்று, அடியில் போய் உட்காராமல் நடுவிலேயே நின்றது.