லாட்ஜில் எங்கேஜ்மென்ட்

கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் நான் மேனேஜர். ஊழியர்களுக்கு 'எங்கேஜ்மென்ட்' நடத்தினால் வேலையில் ஒட்டுதல் வரும், மனமும் உடம்பும் நன்றாக இருக்கும் என்று முதலாளி எங்கோ கேட்டுவிட்டு வந்து சொன்னார். எம்.பி.ஏ. படித்த மேதை நான், உடனே போர்டில் எழுதினேன்: 'வெள்ளி மாலை எங்கேஜ்மென்ட். அனைவரும் வருக. இப்படிக்கு, அப்சல்.'

வெள்ளிக்கிழமை எல்லோரும் பட்டும் பூவுமாக வந்து நின்றார்கள். அறைகளைப் பெருக்கித் துடைக்கும் எல்லம்மாள் கையில் பழத்தட்டு.

"பொண்ணு எந்த ஊருங்க சார்?" என்று கேட்டாள்.

நாற்பது வயதாகியும் கல்யாணமாகாத நான் வியர்த்துப்போய், இது நிச்சயதார்த்தம் இல்லை, வேலையில் மனம் ஒன்றுவது பற்றிய கூட்டம் என்று விளக்கினேன். அத்தனை முகமும் வாடிவிட்டது. என்மேல் இவ்வளவு பாசமா என்று நெகிழ்ந்தே போனேன்.

"எனக்குக் கல்யாணம்னா உங்களுக்கு அவ்ளோ சந்தோஷமா?"

"பின்ன இல்லீங்களா சார்? வூட்ல சம்சாரம் காத்துக்கினு இருந்தா நீங்க ஆறு மணிக்கே கெளம்பிடுவீங்க. நாங்களும் நேரத்தோட போவலாம்னு நெனச்சோம்" என்றாள் எல்லம்மாள்.

அன்றே முதலாளிக்கு அறிக்கை அனுப்பினேன்: 'ஊழியர் நலன் கருதி, மேனேஜருக்கு உடனே பெண் பார்க்கவும்.'