முப்பத்தொன்றாவது வரி

பூமாரி சண்டைக்கு வந்திருந்தால்கூட ஷெர்லினுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ மன்னிப்புக் கேட்டாள்.

“புதுசா வந்தப்பவே நீ எவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்த, ஷெர்லினு. என் மரமண்டைக்குத்தான் அந்த போன் ஆப்பு ஏறல. கோட்ட வுட்டுட்டேன்” என்றாள். சொல்லிவிட்டு ஷெர்லினின் கையை வேறு தட்டிக் கொடுத்தாள்.

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனி அது. பூமாரி ஆறு வருடமாகத் தையல் லைனில் காண்ட்ராக்ட். ஷெர்லினுக்கு எச்.ஆர். ஆபீசில் வேலை. பென்னலூரில் இருவருக்கும் ஒரே தெரு. ஆறு வருடத்தில் சொல்லாமல் ஒருநாள்கூட நிற்காத பூமாரியின் பெயர் இந்தத் தடவை பெர்மனென்ட் லிஸ்டில் கட்டாயம் இருக்கும் என்று கேண்டீன்வரைக்கும் பேச்சு. லிஸ்ட் வந்தது, பெயர் இல்லை. மூன்று நாள் ஆப்சென்ட் என்று புதிய சாஃப்ட்வேர் சொல்லிவிட்டது.

அந்த மூன்று நாளும் பூமாரி தைத்துக்கொண்டுதான் இருந்தாள். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று காலை ஷிஃப்டை ஜோதிக்குக் கொடுத்துவிட்டு, ஜோதியின் இரண்டாவது ஷிஃப்டுக்கு வந்தாள். முன்பெல்லாம் சூப்பர்வைசரின் நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. இப்போது சூப்பர்வைசர் கம்ப்யூட்டரில் போட்டதும் இருவர் போனுக்கும் ஒரு நம்பர் வரும். பத்து நிமிடத்துக்குள் அதைத் திருப்பி அடிக்க வேண்டும். மூன்று நாளுக்கும் சேர்த்து அது முந்தின நாள் காலையில் வந்தது; வீட்டில் இருந்த ஜோதி அடித்துவிட்டாள். லைனில் இருந்த பூமாரியின் போன் கேட் பக்கத்து லாக்கரில் கிடந்தது. லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அந்தச் சுற்றறிக்கையை டைப் அடித்ததே ஷெர்லின்தான்.

ஷிஃப்ட் முடிந்து மதியம் இரண்டரைக்கு லாக்கரைத் திறந்த பூமாரி ஒழுங்காக நம்பரை அடித்தாள். சிவப்பில் இங்கிலீஷில் ஏதோ வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

இதில் பூமாரி செய்த தப்பு ஒன்றும் இல்லை என்பது ஷெர்லினுக்கு மட்டும்தான் தெரியும். சாஃப்ட்வேரை ஓடவிடுவதற்கு முன், வேலை செய்கிறவர்கள் எதிர்பார்க்கிறபடி அது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல அவளைத்தான் போட்டிருந்தார்கள். சரிபார்க்க வேண்டிய பட்டியலில் நாற்பத்திரண்டு வரி. முதல் முப்பதையும் யோக்கியமாகத்தான் பார்த்தாள். முப்பத்தொன்றாவது வரி ஷிஃப்ட் மாற்றம். ‘லைனில், இரண்டு தொழிலாளர்களை வைத்துச் சோதிக்கவும்’ என்று தெளிவாகவே எழுதியிருந்தது. மணி ஐந்து இருபது. ஐந்தரைக்கு பஸ். லைனுக்குப் போவதென்றால் ஷூ மாட்டி, தொப்பி போட்டு, போனை லாக்கரில் வைத்து... இருந்த இடத்திலேயே தன் போனுக்கு நம்பரை வரவழைத்தாள். ஒரே நொடியில் வந்தது. முப்பத்தொன்றிலிருந்து நாற்பத்திரண்டுவரை மளமளவென்று டிக் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு ஓடினாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஷெர்லினுக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை, சோறே இறங்கவில்லை.

எச்.ஆர். மேனேஜர் ஜெபகுமாருக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. எத்தனை நல்ல சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டாலும் இவர்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டு, முதல் ஷிஃப்ட் முடிந்ததும் வகுப்பு எடுக்கச் சொல்லி ஷெர்லினையே அனுப்பினார். முதல் வரிசையில் பூமாரி. மகளுடைய பழைய நோட்டில், ‘நம்பர் வந்த உடனே அடிக்கணும்’ என்று எழுதி, ‘உடனே’வுக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள். ஷெர்லின் வகுப்பைப் பாதியில் நிறுத்தினாள். தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே வந்து, நேரே ஜெபகுமாரின் அறைக்குப் போனாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு, லிஸ்ட் தலைமை ஆபீசுக்குப் போய்விட்டது, இனி அடுத்த வருடம்தான் என்றார். சாஃப்ட்வேரைச் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாமாம்.

“கையெழுத்து உன்னுது. நீயா போய் ஏம்மா மாட்டிக்கிற? அந்தம்மாவே ஒண்ணும் கேக்கலயே.”

அவர் சொன்னது அவளுக்கு ஒரு நிமிடம் இனிக்கத்தான் செய்தது. அந்த இனிப்பை நினைத்துத்தான் பிறகு அதிகம் வெட்கப்பட்டாள். சீட்டுக்கு வந்து, முப்பத்தொன்றாவது வரியைச் சோதிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன், பூமாரி மேல் தவறு இல்லை என்று தலைமை ஆபீசுக்கே எழுதி அனுப்பினாள். பஸ் நேரம்வரை பதில் வரவில்லை.

வகுப்பால் ஷிஃப்ட் பஸ்ஸைத் தவறவிட்ட பூமாரிக்கும் அன்று ஐந்தரை பஸ்தான். ஷெர்லினுக்கு ஜன்னலோரத்தில் இடம் போட்டு வைத்திருந்தாள். பென்னலூர் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஷெர்லின் வாயைத் திறந்தாள். டிக் போட்டது, லைனுக்கு வராதது, மணி ஐந்து இருபது, ஐந்தரை பஸ், எதையும் மறைக்கவில்லை.

“லிஸ்ட மாத்துவாங்களான்னு தெரியலக்கா. எழுதியிருக்கேன்.”

பூமாரி மடியில் இருந்த நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள். முன்சீட்டைப் பார்த்தாள். அது அவள் தைக்கிற மாதிரி உறை இல்லை, தையல் விட்டுப்போயிருந்தது.

திட்டட்டும், அழட்டும் என்று ஷெர்லின் காத்திருந்தாள்.

“அன்னிக்கு பஸ்ஸு கெடைச்சிச்சா, மேடம்?” என்று கேட்டாள் பூமாரி.

ஷெர்லின் தலையாட்டினாள். கிடைத்தது.