பாலம்மாளுக்கான பக்கம்

மூக்காண்டியிடமிருந்து கேசட் வந்தால் வளவில் உள்ள ஆறு வீட்டுக்காரர்களும் பாலம்மாள் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். டிரங்குப் பெட்டியின் மேல் துணி போர்த்தி வைத்திருக்கும் டேப்ரிக்கார்டரை மாமியார் ஆறுமுகத்தாய் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். பொத்தானை அவள்தான் அமுக்குவாள். மகன் சவூதியிலிருந்து கொடுத்துவிட்ட பொருள். மருமகள் அதைத் தொடலாம், தூசி துடைக்க மட்டும்.

"அம்மா, நல்லாருக்கியா?" என்று மூக்காண்டி கத்துவான்.

தறிக்காரன் தொண்டை. சங்கரன்கோவிலில் பவர்லூம் ஓடும் தெருக்களில் பிழைத்தவர்கள் எல்லோருக்கும் அந்தத் தொண்டைதான். வீட்டுக்குள் குடிக்கத் தண்ணீர் கேட்டால் தெருமுனைக்குக் கேட்கும்.

"கால்வலிக்கு எண்ணெ போடுதியா? பரமசிவம் மாமா, ஒம்ம சைக்கிளுக்குச் செயின் மாத்துனீரா? கோமதியம்மா சித்தி, ஒன் ஆடு குட்டி போட்டுச்சா? கெடாவா, பொட்டையா? கெடான்னா வித்துராத, நான் வந்த பொறவு பாத்துக்கிடலாம்."

இப்படியே அரைமணி நேரம். கடைசியில், "பாலம்மா, ஒடம்பப் பாத்துக்க. அம்மாவையும் பாத்துக்க. அப்போ நிறுத்துதேன்."

"இம்புட்டுத்தானா?" என்றாள் கோமதியம்மாள். "ஏட்டி பாலம்மா, எங்க ஆட்டுக்கு இதவிட நாலு வார்த்த கூட வந்துச்சே!"

எல்லோரும் சிரித்தார்கள். பாலம்மாளும் சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அவன் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. வந்த பதினோரு கேசட்டிலும் அவளுக்கென்று இருந்தது அந்த இரண்டு வரிதான். அவள் அவனைக் குறை சொல்லவில்லை. அம்மாவும் ஐந்து குடும்பங்களும் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று தெரிந்தவன் வேறு என்னதான் பேசுவான்?

அவன் பேசத் தெரியாதவன் இல்லை. இளையரசனேந்தல் பக்கத்து மானாவாரிக் காட்டில் மூன்று வருடம் மழை பொய்த்ததும் தாயும் மகனும் மருமகளுமாகச் சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தார்கள். அவன் தறி ஓட்டினான். அவள் அதே கூடத்தில் ஒரு மூலையில், தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றினாள். பன்னிரண்டு தறி ஓடும் இடத்தில் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். சுற்றிய தாரைக் கூடையில் அள்ளிக்கொண்டு அவள் அவன் தறிக்குப் போகும்போது, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி, அவளைப் பார்த்து உதட்டை அசைப்பான். நேற்று ஏன் கோபம்? இந்தப் பச்சைச் சேலை எப்போ எடுத்தது? சாயங்காலம் ரயிலடிப் பக்கம் போவோமா? அவள் தாரை அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டு பதில் சொல்வாள். வீட்டில், கை நீட்டினால் மாமியார் மேல் படும் அந்த ஒற்றை அறையில், அவர்கள் ஒருநாளும் அப்படிப் பேசிக்கொண்டதில்லை. மூன்று வருடக் குடித்தனத்தின் பேச்செல்லாம் தறிக்கூடத்தில்தான் நடந்தது.

இப்போதும் அவள் அங்கேதான் தார் சுற்றுகிறாள். அவன் தறியில் ராயகிரிக்காரன் ஒருவன் நிற்கிறான்.

டேப்புக்குப் பேட்டரி வாங்கப் போன நாளில் பஸ் ஸ்டாண்டு எதிரே சுலைமானின் ரேடியோ கடையில் அதைப் பார்த்தாள். சுலைமான் காதில் ஒரு குமிழ் இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் டிரான்சிஸ்டருக்குப் போனது. அவன் மட்டும் கிரிக்கெட் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற அவளுக்கு ஒரு சத்தமும் இல்லை.

"அது எங்க டேப்புலயும் மாட்டுமா அண்ணாச்சி?"

"ஓட்டை இருந்தா மாட்டும். ஏன் தங்கச்சி, ஒங்க மாமியாளும் கிரிக்கெட் கேக்காகளா?"

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினாள். ஐந்தாம் வகுப்பு எழுத்து. கேசட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு, ஒரு பக்கம் எல்லோருக்கும் பேசுங்கள், மறுபக்கம் எனக்குப் பேசுங்கள், காதில் மாட்டிக் கேட்கிற சாமான் ஒன்று இங்கே விற்கிறது, வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதித் தானே தபாலில் போட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்துக் கேசட்டும் கடிதமும் ஒன்றாக வந்தன. லீவில் வந்த சிவகிரிக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனார். ஆறுமுகத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தைப் பாலம்மாள்தான் சத்தமாகப் படித்தாள். நடுவில் ஏழு வரியைத் தாண்டிப் படித்தாள்.

தாண்டிய ஏழு வரியில் இப்படி இருந்தது: 'நம்ம ஊர்ச் சாமானை வாங்காதே. காது புண்ணாகிவிடும். இங்கே ஜப்பான் சாமான் கிடைக்கிறது. இரண்டு காதுக்கும் உண்டு. பட்டாணி மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மூச்சு விட்டால்கூடக் கேட்குமாம். புளியங்குடி முகம்மது ஹுசைன் அடுத்த மாதம் லீவில் வருகிறான், அவனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். அதுவரை பொறு. நீலப் புள்ளி வைத்த பக்கம் உனக்கு. ரூமில் எட்டுப் பேர், ஆனால் ஒருத்தனுக்கும் கேட்காமல் பேசிவிட்டேன்.'

நீலப் புள்ளி இருக்கிற கேசட் கையில் இருந்தது. அடுத்த மாதம் வரை பொறு என்றால் எப்படிப் பொறுப்பது? வாரக் கூலி கைக்கு வந்ததும் சுலைமான் கடைக்குப் போய் இருபது ரூபாய்க்கு உள்ளூர்க் குமிழ் ஒன்றை வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். வியாழக்கிழமை காலையில் மாமியார் மண்ணெண்ணெய் வரிசைக்குப் போனாள். பாலம்மாள் கதவைச் சாத்தினாள். புள்ளி வைத்த பக்கத்தைத் திருப்பிப் போட்டுக் குமிழைக் காதில் திணித்தாள்.

இரைச்சல் வந்தது. அடுப்பில் உலை கொதிக்கிற மாதிரி ஒரு இரைச்சல். எங்கோ ஒரு ஆள் இருமினான். மறுபடி இரைச்சல். பொத்தானை நிறுத்தி மறுபடி அமுக்கினாள். குமிழை மறு காதுக்கு மாற்றினாள். மண்ணெண்ணெய் வாங்கி மாமியார் திரும்பும் வரை இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சுலைமான் கடையில் சண்டை பிடித்தாள்.

"இருவது ரூவாய்க்கு வெறும் இரைச்சல வித்திருக்கீரு!"

சுலைமான் அதைத் தன் டேப்பில் மாட்டிக் கேட்டான். அவள் காதிலும் வைத்தான். பாட்டு தெளிவாகக் கேட்டது.

"மால் நல்லாத்தான் இருக்கு. கேசட்டக் கொண்டா, பாத்துச் சொல்லுதேன்."

"அது கொண்டாற முடியாது."

"ஏன்?"

சுலைமான் அவள் முகத்தைப் பார்த்தான். குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டான்.

"பேசுனவுக மெதுவாப் பேசியிருப்பாக தங்கச்சி. இந்த ஊர் மாலு கத்துனாத்தான் கேக்கும், நம்ம ஆளுக மாதிரி. மெல்லிசுக் குரலு வேணும்னா வெளிநாட்டுச் சாமானுக்குத்தான் போவணும். அது இங்க வாராது."

"வருது," என்றாள் பாலம்மாள். "ஜப்பான்லருந்து வருது."

அதற்குப் பிறகு அவளுக்கு அந்த ஒரு நினைப்புதான். தார் சுற்றும்போது ராட்டு சுற்றச் சுற்ற, அந்த இரைச்சலுக்கு அடியில் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று யோசிப்பாள். அரைமணி நேரப் பேச்சு. எந்தச் சேலையில் ஆரம்பித்திருப்பான்? ரயிலடியைப் பற்றிச் சொல்லியிருப்பானா? எப்போது வருகிறேன் என்று சொல்லியிருந்தால்? நூல் அறுந்தது தெரியாமல் வெறும் குச்சியைச் சுற்றவிட்டு மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினாள். சோறுகூட அவன் குரலைக் கேட்ட பிறகுதான் ருசிக்கும் போலிருந்தது.

அடுத்த மாதம் முகம்மது ஹுசைன் வரவில்லை. அதற்கு அடுத்த மாதமும் வரவில்லை. உடம்புக்குச் சரியில்லை என்று சொல்லி ஒருநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் புளியங்குடிக்குப் பஸ் ஏறினாள். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். ஹுசைனின் அம்மா ஜெய்னப் வாசல் திரையை விலக்கிப் பார்த்தாள்.

"லீவத் தள்ளிப் போட்டுட்டானுவ மவளே. நானும் தேதியக் கிழிச்சிக்கிட்டுத்தான் கெடக்கேன். ஒனக்கு என்ன கொடுத்துவிட்டிருக்கான்? நகையா?"

"இல்லம்மா. காதுல மாட்டுதது."

"அப்ப நகதான!"

"அது இல்லம்மா, கேக்குததுக்கு."

ஜெய்னப்புக்கு விளங்கவில்லை. ஆனாலும் டீ கொடுத்தாள். ஹுசைன் வந்ததும் ஆள் விட்டுச் சொல்வதாகச் சொன்னாள். வீட்டுக்குத் திரும்பியதும், "நோவுக்கு நல்லாத்தான் பவுடர் பூசியிருக்க," என்றாள் ஆறுமுகத்தாய். பாலம்மாள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

ஐந்தாவது மாதம் முகம்மது ஹுசைனே வந்தான். வளவு வாசலில் நின்று, காதிலிருந்து இரண்டு குமிழையும் பிடுங்கி, ஒயரைச் சுற்றி அவள் கையில் கொடுத்தான்.

"டப்பாவோட கொண்டாந்தா பம்பாய்ல கஸ்டம்ஸ்காரன் பாப்பான்னு காதுலயே மாட்டிக்கிட்டு எறங்கிட்டேன். செவிடன்னு நெனச்சுட்டாம் போல, சைகைலயே பேசுதான். ஒங்க வீட்டுக்காரன் சொகமா இருக்கான். மெலிஞ்சிருக்கான். காண்ட்ராக்ட இன்னும் ரெண்டு வருசத்துக்குப் போட்டுட்டான், தெரியுமில்லா?"

அவளுக்குத் தெரியாது. மாமியாருக்குத் தெரிந்திருந்தது. பின்னால் நின்ற ஆறுமுகத்தாய் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். எல்லோரும் கேட்கிற பக்கத்தில் அவன் அதைச் சொல்லவில்லை. அப்படியென்றால் புள்ளி வைத்த பக்கத்தில் சொல்லியிருக்கிறான். ஏன் போட்டேன், என்ன கணக்கு என்று அவளிடம்தான் சொல்லியிருக்கிறான். அம்மாவுக்கு வேறு யார் மூலமாகவோ செய்தி வந்திருக்கிறது.

மறுநாள் மாமியார் வெளியே போகும்வரை அவள் காத்திருக்கவில்லை. டிரங்குப் பெட்டி மேலிருந்து டேப்பை எடுத்து மடியில் வைத்தாள்.

"ஏட்டி, என்ன செய்த?" என்றாள் ஆறுமுகத்தாய்.

"கேக்கப் போறேன்."

கறுப்புக் குமிழ்கள் அவன் எழுதியபடியே பட்டாணி அளவில் இருந்தன. காதுக்குள் வலிக்காமல் உட்கார்ந்தன. ஒன்று ஊமையாக இருந்தது. மற்றதில் மட்டும் சத்தம் வந்தது. அதை வலது காதில் வைத்துக்கொண்டாள்.

ஜப்பான் சாமான் ஜப்பான் சாமான்தான். உள்ளூர்க் குமிழில் வெறும் இரைச்சலாக இருந்தது இதில் பிரிந்து தனித்தனியாகக் கேட்டது. மின்விசிறி சுற்றுவது. ஒருவன் குறட்டை விடுவது. யாரோ பாத்திரத்தை நகர்த்துவது. இதற்கெல்லாம் முன்னால், காதுக்கு ரொம்பப் பக்கத்தில், ஒரு மூச்சு. அவன் மூச்சு. அது அவளுக்குத் தெரியும். மூச்சுக்கு நடுவே உதடு ஒட்டிப் பிரிகிற சின்னச் சத்தம். நாக்கு பல்லில் படுவது. எச்சில் விழுங்குவது. மறுபடி உதடு. வேகமாக, விடாமல் உதடு.

குரல் இல்லை.

அரைமணி நேரமும் கேட்டாள். கேசட் முடிந்து பொத்தான் தானே மேலே வந்த பிறகுதான் அவன் செய்தது முழுதாகப் புரிந்தது. எட்டுப் பேர் படுத்திருக்கிற அறையில், பெண்டாட்டியிடம் பேச உட்கார்ந்தவன் தறிக்கூடத்தில் பேசிய மாதிரியே பேசியிருக்கிறான். கத்தல் ஒன்று, உதடு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு குரல் அவனுக்குப் பழக்கமே இல்லை. மூச்சைக்கூடப் பிடித்துவிடும் என்று ஜப்பான்காரனை நம்பியிருக்கிறான். மூச்சு வந்துவிட்டது. அவன் முகம் எதிரே இருந்திருந்தால் ஒரு வார்த்தை விடாமல் படித்திருப்பாள்.

"என்ன சொல்லுதான்?" என்று கேட்டாள் ஆறுமுகத்தாய். ரொம்ப நேரமாக மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் சொல்லல."

"அரமணி நேரம் ஒண்ணும் சொல்லலையா? யார்ட்ட கத விடுத?"

பாலம்மாள் குமிழைக் கழற்றி மாமியார் காதில் வைத்து, கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி, பொத்தானை அமுக்கினாள். ஆறுமுகத்தாய் கொஞ்ச நேரம் கேட்டாள். முகம் மாறியது. குமிழைக் கழற்றிக் கொடுத்தாள்.

"மூச்சு எளைக்குதே. தூசிக்குள்ள வேல பாக்கான் போல," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பதில் கேசட் பேசினார்கள். முகம்மது ஹுசைன் திரும்பிப் போகும்போது கொண்டுபோவான். வழக்கம்போல வளவு கூடியது. ஆறுமுகத்தாய் கால்வலியைச் சொல்லிவிட்டு, மார்ச்சளி மருந்து வாங்கிக் குடி என்று மூன்று தடவை சொன்னாள். பரமசிவம் சைக்கிளைச் சொன்னார். கோமதியம்மாள் ஆட்டைப் பிடித்து வந்து மைக் பக்கம் கத்தவிட்டாள். கடைசியில் எப்போதும் போல டேப்பைப் பாலம்மாள் பக்கம் தள்ளினார்கள். அவள் எப்போதும் 'நாங்க நல்லாருக்கோம், நீங்க ஒடம்பப் பாத்துக்கோங்க' என்று சொல்லித் திருப்பித் தள்ளிவிடுவாள்.

இன்றைக்கு மைக்கைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள்.

"மச்சான், நீங்க எனக்குப் பேசுன பக்கத்துல ஒண்ணும் இல்ல. வெறும் வாய அசைச்சிருக்கீக. நான் ஒங்க மொகத்த எங்க போயிப் பாப்பேன்? அஞ்சு மாசம் காத்துக் கெடந்து மூச்சு விடுததக் கேட்டேன்."

வளவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இனிமே சத்தமாப் பேசுங்க. ரூம்ல எட்டுப் பேரு கேட்டாக் கேக்கட்டும். இங்கன அத்த இருக்காக, சித்தி இருக்காக, எல்லாரும் இருக்காக. எல்லார் முன்னாடியும்தான் கேக்கேன். என்னையக் கேக்காம எதுக்கு ரெண்டு வருசம் போட்டீக?"

"ஏட்டி, வெக்கமா இல்லையா ஒனக்கு?" என்று கத்தினாள் ஆறுமுகத்தாய். அதுவும் கேசட்டில் ஏறியது.

"இல்ல அத்த," என்றாள் பாலம்மாள், மைக்கிலிருந்து வாயை எடுக்காமலே. "ஒங்களத்தான் மச்சான். அந்தப் பச்சைச் சேல கிழிஞ்சு போச்சு. ரயிலடிப் பக்கம் நான் இப்பப் போறதே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. பரமசிவம் எழுந்து வெளியே போனார். டேப் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.