மூன்றாவது தாவலுக்குச் சுழி

ரேஜான் கமாஷிடம் இரண்டு கோட்டுகள் இருந்தன. ஒன்று கனடாவின் சிவப்பு, மற்றது ஜார்ஜியாவின் வெள்ளை. மார்ஜொலேன் ஆடும்போது சிவப்பைப் போட்டுக்கொண்டு ரிங்க் என்கிற பனித்தளத்தின் தடுப்போரம் நிற்பார். கெட்டோ ஆடும்போது வெள்ளை. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இது புதிதல்ல. நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் நாலு நாட்டுப் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். யார் முறை வருகிறதோ, அவர் அந்த நாட்டுக்காரர் ஆகிவிடுவார். மார்ஜொலேன் இதை மூன்று வருஷமாகப் பார்க்கிறாள், ஒருநாளும் விகல்பமாக நினைத்ததில்லை. இந்த ஒலிம்பிக்குக்கு வந்த பிறகுதான் அந்த வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கு வயது இருபத்தாறு. கனடாவில் ஷாவினிகன் ஊர் ரிங்க்கில் ஒன்பது வயதிலிருந்து ரேஜானிடம் பயிற்சி. கெட்டோ மூன்று வருஷத்துக்கு முன் ஜார்ஜியாவின் திபிலிசியிலிருந்து வந்து சேர்ந்தவள். இருவருக்கும் ஒரே நேரத்தில் பயிற்சி, ஒரே கடையில் பூட்டின் என்கிற உருளைக்கிழங்கு வறுவல், வீட்டுக்கு ஒரே கார். தோழிகள்தான். ஆனால் ஒலிம்பிக் என்று வந்துவிட்டால் தோழமை வேறு, கொடி வேறு.

தனிப்போட்டியில் மார்ஜொலேனுக்குப் பதக்கம் கிடையாது. அதை அவளே ஒத்துக்கொள்வாள். எல்லாம் நன்றாகப் போனால் பத்தாவது இடம். கிடைத்தால் குழுப் போட்டியில்தான் உண்டு. ஒரு நாட்டின் ஆண், பெண், ஜோடி, ஐஸ் நடனம் என்று நாலு பிரிவுக்காரர்களும் ஆடி, புள்ளிகளைக் கூட்டி, ஜெயித்தால் மாற்று ஆட்டக்காரர்களோடு சேர்த்து எட்டுப் பேருக்கும் ஆளுக்கொன்று. தனிப்பதக்கம் வாங்கியவர்கள் இதற்கு உதட்டைச் சுழிப்பார்கள், ஏதோ கூட்டத்தோடு கோவிந்தா போட்டு வாங்கியது மாதிரி. புறப்படும் முன் பெட்ரோல் பங்க்கில் அவளுடைய அத்தை மகன் யூபேர் கேட்டான்.

"எட்டுப் பேருக்குக் குடுப்பாங்களாமே! அப்ப பஸ் ஓட்டுறவருக்கும் ஒண்ணு உண்டா?"

"உனக்கு அந்த வேலையும் கெடைக்கலையே யூபேர். ஓரமா நில்லு, வண்டிய எடுக்கணும்."

வாயால் அடித்துவிட்டாளே தவிர, உள்ளே குத்தியது. அவளுக்கு அந்தப் பதக்கம் வேண்டும். யார் எப்படி மட்டம் தட்டினாலும் வேண்டும். பதினேழு வருஷம் விடியற்காலையில் எழுந்து பனியில் விழுந்து புரண்டதற்குக் கையில் பிடித்துப் பார்க்க ஒன்றாவது வேண்டாமா?

சந்தேகம் முதலில் போன் வழியாக வந்தது. ரேஜானுக்கு அடிக்கடி அழைப்பு வந்தது. எடுத்துக்கொண்டு நடைபாதைக் கோடிக்குப் போய்விடுவார். பத்து நிமிஷம் முணுமுணு என்று பேச்சு, கடைசியில் 'மத்லோபா'. கெட்டோ தினமும் சொல்கிற வார்த்தை அது. அவர்கள் மொழியில் நன்றி. எதற்காக நன்றி? யாருக்கு? ஒருநாள் பஸ்ஸில் மார்ஜொலேன் கெட்டோவிடம் நூல் விட்டுப் பார்த்தாள்.

"ரேஜான் உங்க ஊருக்கே வரப்போறாராமே?"

கெட்டோவின் காது சிவந்தது. "யாருடி சொன்னா?"

"யாரோ."

"அவர்கிட்டயே கேளேன்," என்று சொல்லிவிட்டு கெட்டோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இல்லை என்று சொல்லவில்லை. அதை மார்ஜொலேன் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அவர் அவளுடைய ஆட்டத்தை மாற்றியதும் நினைவுக்கு வந்தது. டோ என்று ஒரு தாவல் உண்டு. ஓர் ஆட்டத்தில், காற்றில் மூன்று சுற்று சுற்றி இறங்கும் டோவை இரண்டு தடவைதான் போடலாம். மூன்றாவது தடவை தேவதையே இறங்கி வந்து போட்டாலும் சுழிதான். மார்ஜொலேன் ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒன்று போடுவாள், முடிவில் ஒன்று. பத்து நாளைக்கு முன் ரேஜான், "நடுவுல இருக்கிற லூப் தாவல் உன் கணுக்கால வாங்குது, வேண்டாம்," என்று அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மூன்று சுற்று டோவை வைத்தார். அதனால் தொடக்கத்தில் இருந்ததை இரண்டு சுற்றாகக் குறைத்தார். கணுக்கால் நிஜமாகவே வலித்தது, ஆகவே அவளும் தலையாட்டினாள். அதே வாரம்தான் மூன்றாமிடத்துக்குக் கனடாவும் ஜார்ஜியாவும் முட்டிக்கொள்ளும் என்று பேப்பர்காரர்கள் எழுதினார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, இப்போது அந்தக் கணுக்கால்கூட அவளுக்கு ரேஜானின் ஆள் மாதிரி தெரிந்தது.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் பயிற்சியில் மிச்சமும் நடந்தது. "குழுப் பதக்கத்துக்காகக் கால ஒடச்சுக்காத பொண்ணே. தனிப்போட்டிக்கும் கால் வேணும்," என்றார் இவளிடம். கால்மணி நேரம் கழித்துக் கோட்டை மாற்றிக்கொண்டு கெட்டோவிடம் சொன்னது இவள் காதில் விழுந்தது: "இதுக்குத்தான் வந்திருக்கோம். எதையும் மிச்சம் வைக்காத." பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்! மார்ஜொலேன் அன்று சாப்பாட்டு மேஜையில் அவருக்கு எதிரே உட்காரவில்லை.

கடைசி நாள். மூன்றாமிடத்தில் இரண்டு நாடும் சரிசமமான புள்ளியில் நின்றன. பெண்கள் ஆட்டம் ஒன்றுதான் பாக்கி. கெட்டோ, மார்ஜொலேன் இருவரில் யார் மேலே வருகிறார்களோ, அவர்கள் நாட்டுக்கு வெண்கலம். விதி இவ்வளவு துல்லியமாகக் கோர்த்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

கெட்டோ முதலில் ஆடினாள். நூற்று முப்பத்தொன்று புள்ளி இருபது. ரேஜான் வெள்ளைக் கோட்டில் அவளைக் கட்டிப்பிடித்ததைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். கட்டிப்பிடித்த கையோடு ஓடி வந்தார், சிவப்புக் கோட்டில் ஒரு கை நுழைந்தும் மறு கை நுழையாமலும். தடுப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த மார்ஜொலேனிடம் குனிந்தார்.

"தொடக்கத்துல ரெண்டு சுத்து. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"ரெண்டுதான், மார்ஜோ."

"ஒரு தடவ சொன்னா போதாதா?"

"போதாது. உன் மூஞ்சி சரியில்ல."

சரியில்லாத மூஞ்சியோடு அவள் நடுவே போய் நின்றாள். அவர் குனிந்தபோது கெட்டோவின் வாசனைத் தைலம் அவருடைய கழுத்தில் வீசியிருந்தது. இரண்டு சுற்று போட்டால் போதுமாம். யாருக்குப் போதும்? அவள் முடிவு செய்துவிட்டாள். தொடக்கத்தில் மூன்று சுற்று. கணக்கு ஒன்றும் கெடாது; நடுவில் வருவதை இரண்டாகக் குறைத்துக்கொண்டால் ஆயிற்று.

இசை தொடங்கியது. முதல் தாவல், மூன்று சுற்று, காலணியின் கத்தி பனியில் சுத்தமாக இறங்கியது. தடுப்போரம் ரேஜானின் வாய் திறந்தபடி நின்றதைக் கடைக்கண்ணால் பார்த்தாள். எப்படி, என்று மனசுக்குள் ஒரு கொக்கரிப்பு. அந்தக் கொக்கரிப்பிலேயே நடுப்பகுதி வந்துவிட்டது. இங்கே இரண்டு என்று மனசு சொல்லி முடிப்பதற்குள் கால்கள் பத்து நாள் பழகியதைச் செய்துவிட்டன. மூன்று சுற்று. அதுவும் அழகாக. அந்த ஓட்டத்தில் அதை அவள் எண்ணவே இல்லை.

ரேஜான் எண்ணினார். பயிற்சியாளர்களுக்கு அதுதான் தொழில். கடைசித் தாவலுக்கு வேகம் எடுத்து அவள் தடுப்பை ஒட்டி வரும்போது, உடம்பு பாதி வெளியே தொங்கக் கத்தினார்.

"ரெண்டு சுத்து! ரெண்டு! ரெண்டு போதும்!"

இன்னுமா, என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கடைசி நொடியிலும் என் காலைப் பிடித்து இழுக்கிறாரே, எவ்வளவு கொடுத்திருப்பார்கள் இவருக்கு? பல்லைக் கடித்துக்கொண்டு தாவினாள். மூன்று சுற்று. அரங்கமே எழுந்து கத்தியது. எதிர்ப்பக்கம் கனடாப் பெட்டியில் ஏழு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குதித்தார்கள்.

மதிப்பெண் பெஞ்சில் ரேஜான் பக்கத்தில் உட்கார்ந்தார்.  தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து அவள் கையில் கொடுத்தார். திரையில் எண் வந்தது. நூற்று முப்பது புள்ளி எழுபத்தெட்டு. அரைப் புள்ளிகூட இல்லை, நூறில் நாற்பத்திரண்டு பங்கில் போயிற்று. கடைசித் தாவலுக்கு நேரே சுழி. அவர் சொன்ன இரண்டு சுற்றைப் போட்டிருந்தால் ஒன்றரைப் புள்ளி வந்திருக்கும். வெண்கலம் வந்திருக்கும்.

அவளுக்கு அப்போதுதான் எண்ணத் தெரிந்தது. தொடக்கம் ஒன்று, நடு ஒன்று, முடிவு ஒன்று.

அணி அறையில் இழவு வீட்டு அமைதி. தலைவன் ஃபப்ரீஸ் ஐஸ் நடனக்காரன், முப்பத்துநாலு வயது, நாலு ஒலிம்பிக் பார்த்தவன், ஒரு பதக்கமும் இல்லாதவன். இது அவனுக்குக் கடைசி. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் ரேஜான் உள்ளே வந்ததும் எழுந்தான்.

"என்ன கத்துனீங்க அவகிட்ட?"

ரேஜான் கதவைச் சாத்தினார். ஃபப்ரீஸ் விடவில்லை.

"நாங்க எல்லாரும் பார்த்தோம். நீங்க கத்துனீங்க, அடுத்த நொடி அவ மூணாவத போட்டா. பதினேழு வருஷமா எண்ணுற மனுஷனுக்கு இன்னைக்கு மட்டும் எண்ணிக்கை மறந்துபோச்சா?"

அணி மேலாளர் மதாம் பென்சொனோ குரல் உயர்த்தாமல் கேட்டார். "ரேஜான், திபிலிசிக்குப் போறீங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. உண்மையா?"

"உண்மைதான். ஏப்ரல்ல போறேன். போட்டி முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"பார்த்தீங்களா!" என்று ஜோடிப் பிரிவு மதீல்ட் கையைத் தட்டினாள். அறை முழுக்க ஒரே இரைச்சல். ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். அவற்றில் சில இங்கே எழுதத் தகாதவை.

மார்ஜொலேன் மூலையில் காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் சந்தேகப்பட்டதில் ஒன்று நிஜமாகிவிட்டது. ஆனால் அது அவளுக்கு இப்போது ஒரு ஆறுதலும் தரவில்லை. ரேஜான் ஒருமுறை அவளைப் பார்த்தார். பிறகு மேலாளரிடம் திரும்பினார்.

"எண்ணுறது என் வேலை. கணக்கு தப்பாப் போச்சுன்னா தப்பு என்னோடது. அவள விட்டுடுங்க."

ஏன் இப்படிச் சொல்கிறார் என்று அப்போதும் அவள் மனசு மோப்பம் பிடித்தது. திபிலிசியில் வேலை தயாராக இருக்கும்போது இங்கே பெரிய மனுஷன் வேஷம் போடுவதில் என்ன நஷ்டம்? அப்படி நினைத்த உடனே தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. சீ, என்ன பிறவி நான், என்று இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. திறக்காமல் இருந்தால் போதும். எல்லாம் தானாகவே நடந்துகொண்டிருந்தது.

"உங்க அனுமதி அட்டைய குடுங்க," என்றார் மதாம் பென்சொனோ. "தனிப்போட்டியில எங்க பொண்ணு பக்கத்துல நீங்க நிக்க வேண்டாம்."

ரேஜான் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினார். நாடா காதில் மாட்டியது. விடுவித்து, நாடாவை நாலாக மடித்து, அட்டையோடு மேஜையில் வைத்தார்.

மதீல்ட் பனிப்பை ஒன்றை எடுத்து வந்து மார்ஜொலேன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். காலணியை அவளே கழற்றி, வீங்கின கணுக்காலில் பையை வைத்து அழுத்திப் பிடித்தாள். "அழாத கண்ணு. பதினேழு வருஷம் நம்புனவள இப்படிக் கவுத்துட்டானே, பாவி. நாங்க இருக்கோம் உனக்கு."

அதைத்தான் மார்ஜொலேனால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"அவர் ரெண்டுன்னுதான் சொன்னார்."

"என்ன?"

"தொடக்கத்துலயும் ரெண்டுன்னு சொன்னார். கடைசியில கத்துனதும் ரெண்டுன்னுதான். நான்தான் கேக்கல. எனக்கு நல்லாவே காதுல விழுந்துச்சு."

ரேஜான் கதவருகில் நின்றுவிட்டார். "மார்ஜோ, விடு," என்றார்.

"விட மாட்டேன். அவர் கெட்டோவுக்காக என்னை இழுக்குறார்னு நெனச்சேன். ஒரு வாரமாவே அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அதான் வேணும்னே மூணு போட்டேன்."

 மதாம் பென்சொனோ மேஜையிலிருந்த அட்டையை எடுத்து ரேஜானிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார், மாட்டிக்கொள்ளவில்லை.

ஃபப்ரீஸ் அவள் பக்கம் திரும்பினான். கோபப்படுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் குரல் இறங்கித்தான் வந்தது.

"அந்த எண்ணு வந்தப்புறம் இந்தப் பத்து நிமிஷத்துல நாங்க ரேஜானைச் சந்தேகப்பட்டோம். ஜட்ஜுங்களச் சந்தேகப்பட்டோம். அந்தக் கம்ப்யூட்டரைக்கூடச் சந்தேகப்பட்டோம். ஏழு பேர்ல ஒருத்தருக்குக்கூட உன்மேல சந்தேகம் வரல, மார்ஜோ. ஒருத்தருக்குக்கூட."

மதீல்ட் பிடித்திருந்த பனிப்பையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.