குலுங்கியும் ஊமையும்

கொழும்பிலிருந்து திரும்பி வந்த இரண்டு மூட்டைகளின் வாயையும் கட்டியிருந்தது பச்சை நூல். பார்த்த மாத்திரத்தில் அழகாயி கையிலிருந்த சாதிக்காயைக் கீழே வைத்துவிட்டாள். அவளுடைய நூல் சிவப்பு. பச்சை, எதிரே உட்கார்ந்து வேலை செய்யும் நூருன்னிஸாவுடையது. அப்படியிருந்தும் பயந்தது இவள்தான்.

உக்குவளையில் அந்த ஸ்டோரில் சாதிக்காய் பிரிக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு நூல் நிறம். நன்றாகக் காய்ந்த காயைக் காதோரம் குலுக்கினால் ஓட்டுக்குள் பருப்பு கலகலக்கும். ஈரம் மிச்சமிருந்தால் சத்தமே வராது. குலுங்குவது மூட்டைக்கு, ஊமை திரும்பவும் வெயிலுக்கு. ஊமைக் காய் ஒரு பிடி உள்ளே போனாலும் போதும், பூஞ்சணம் அக்கம்பக்கத்தையும் பிடித்துவிடும். வியாபாரி மூட்டையைத் திருப்பி அனுப்புவான். சுப்பவைசர் சாலிஹ் நூலைப் பார்ப்பார். வேறு சாட்சி தேவையில்லை.

அது எண்பத்தொன்பதாம் வருஷம், நாடெங்கும் கிளர்ச்சி. ஆகஸ்ட் மாதம். சுவரில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தால் கடைகள் திறக்காது, பஸ் ஓடாது; எவன் ஒட்டினான் என்று கேட்பாரும் கிடையாது. மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. அந்தக் காலத்தில்தான், தமிழ்ப் பாடசாலைகளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. சனிக்கிழமை கண்டியில் பரீட்சை. வயதெல்லை முப்பத்தைந்து. அழகாயிக்கு வருகிற கார்த்திகையோடு முப்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் சாகும்வரை சாதிக்காய்தான்.

அவளும் நூருன்னிஸாவும் விண்ணப்பம் போட்டார்கள். இருவருக்கும் இங்கிலீஷில் மற்றதெல்லாம் வந்தது. ஒரு இடத்தில்தான் முட்டியது. சில வினைச்சொல்லுக்குப் பின்னால் ‘டூ’ போட வேண்டும், சிலதுக்கு அடுத்த சொல்லின் வாலில் ‘இங்’ ஒட்ட வேண்டும். எதற்கு எது என்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது. ‘ஹோப்’ என்றால் டூ, ‘என்ஜோய்’ என்றால் இங். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, காதில் ஏறினால்தான் உண்டு. காது என்றதும் அழகாயிக்குப் பளிச்சென்று வந்தது. டூ வாங்குகிறதெல்லாம் குலுங்கி. இங் வாங்குகிறதெல்லாம் ஊமை. ஒரு காயைக் கூடைக்குள் போடும்போது ஒருத்தி ‘டிசைட்’ என்பாள், மற்றவள் ‘குலுங்கி’ என்பாள். ‘அவொய்ட்’. ‘ஊமை’. இரண்டும் வாங்குகிற ‘லைக்’ வந்தால் சிரிப்பு. அதற்கு இரட்டை நாக்கு என்று பெயர். ஒருநாள் பின்னால் வந்து நின்ற சாலிஹ், “ஊமை, ஊமைண்டு எனக்குத்தானே ஏசுறீங்க?” என்று கேட்டது தனிக் கதை.

மூன்று கிழமைக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, நூருன்னிஸாவின் உம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது என்று ஆள் வந்தது. சாலிஹ் மாத்தளைக்குப் போயிருந்த நேரம். நீ ஓடு, உன் மூட்டை இரண்டையும் நான் நிரப்பிக் கட்டிவிடுகிறேன், முழுநாள் சம்பளம் விழட்டும் என்று அனுப்பி வைத்தவள் அழகாயி. இரண்டு ஆள் வேலையை இரண்டு கையால் பார்த்தாள். தன்னுடையதை முடித்து அவளுடையதைத் தொட்டபோது வாய் சும்மா இருக்கவில்லை. மனப்பாடம் செய்திருந்த ஐம்பது வினைச்சொல்லையும் தலைகீழாகச் சொல்லிக்கொண்டே குலுக்கினாள். வாய் ஓடும்போது காது எப்படி வேலை செய்யும்? கடைசியில் பச்சை நூலால் கட்டியதும் அவள்தான்.

மூட்டை திரும்பிய அந்த வெள்ளிக்கிழமை, பரீட்சைக்கு முந்தின நாள், ஜும்மா தொழுகை முடிந்து வந்த சாலிஹ் இரண்டையும் கவிழ்த்துக் கொட்டினார். சாம்பல் பூத்த காய்கள் உருண்டன. ஞாயிறு விடிய லொறி திரும்பிப் போகிறது, அதற்குள் ஒவ்வொன்றாகத் துடைத்துக் குலுக்கி முடிக்க வேண்டும், நூல்காரிக்கு நாளைக்கு லீவு கிடையாது என்றார். கோபத்தில்கூட அவர் குரலை உயர்த்துகிற ஆளில்லை. அதுதான் பயம்.

நூருன்னிஸா குனிந்து, அவிழ்ந்து கிடந்த பச்சை நூலை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்.

அழகாயி தண்ணீர் குடிக்கிற சாக்கில் குழாயடிக்குப் போனாள். நூருன்னிஸாவுக்கு இருபத்தாறு வயசுதானே, அடுத்த முறை எழுதலாம் என்றது மனசு. நான் என்ன கெடுதலா செய்தேன், உதவிதானே செய்தேன் என்றது. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. பிடித்த தண்ணீரைக் குடிக்காமலே கீழே ஊற்றினாள். அவள் ஏன் பேசாமல் நிற்கிறாள்? ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடுவாளே. சொன்னால் மாட்டப்போவது யார் என்று தெரிந்துதானே நிற்கிறாள்.

திரும்பி வந்து, எல்லாரும் அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடுகிற சாலிஹ் முன்னால் நின்றாள்.

“நானா, நூலு பச்சைதான். கை என்னோடது.”

நடந்ததைச் சொன்னாள். சாலிஹ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேரும் சேந்து என்னை மடையனாக்கி ஈக்கிறீங்க,” என்றார். தண்டனை மாறவில்லை, ஆள்தான் மாறியது. நூருன்னிஸாவுக்கு அந்த வியாழன் அரைநாள் வெட்டு, நாளைக்குப் பரீட்சைக்குப் போகலாம். அழகாயி இருந்து இரண்டு மூட்டையையும் முடிக்க வேண்டும். முடித்தால் போகலாம் என்றார் போகிற போக்கில். ஊரடங்குக்குள் ஒருத்தியால் முடியாது என்று அவருக்கும் தெரியும்.

நூருன்னிஸா முக்காட்டை இழுத்துவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போனாள். அழகாயி அந்த முதுகையே பார்த்தாள். ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சரி. துணியை எடுத்தாள். துடைத்தாள், குலுக்கினாள். இந்த முறை வாயை இறுக மூடிக்கொண்டு. மற்றப் பெண்கள் நாலு மணிக்குக் கிளம்பினார்கள். முதல் மூட்டையே இன்னும் முடியவில்லை.

எதிர்ப் பலகையில் நிழல் விழுந்தது.

“உம்மாவப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்தன்,” என்றாள் நூருன்னிஸா. மூச்சு வாங்கியது. “தள்ளு கூடைய.”

“ஒனக்கு நாளைக்குப் பரீட்சைடி. போய் படி.”

“பாதிச் சொல்லு ஒன்னோட வாயில ஈக்குது. நான் தனியாப் போய் என்னத்த எழுத?”

நாலு கை ஆனது. ஐந்து மணிக்கு முதல் மூட்டை முடிந்து, இரண்டாவது பாதியாகியிருந்தது. சாலிஹ் சாவிக்கொத்தோடு வந்து வாசலில் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊரடங்குக்கு இன்னும் ஒரு மணிநேரம் இருந்தது. ஸ்டோரைப் பூட்டுகிற நேரம் தாண்டிவிட்டது. பூட்டவும் இல்லை, விரட்டவும் இல்லை. ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்துக் குனிந்து, உருண்டு வந்திருந்த ஒரு காயை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

மாத்தளைக்குப் போகிற ரயில் கூவிக்கொண்டு கடந்தது. ஸ்டோர் முழுக்க அதிர்ந்தது. அந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. அழகாயி கையிலிருந்த காயைக் குலுக்கினாள். குலுங்கிற்றா இல்லையா, தெரியவில்லை. மறுபடி குலுக்கினாள். பிறகு பலகைக்கு மேலால் கையை நீட்டி, முக்காட்டை விலக்கி, அதை நூருன்னிஸாவின் காதோரம் வைத்தாள்.

ரயில் போய் முடியட்டும் என்று மூவரும் அசையாமல் காத்திருந்தார்கள்.